மேடையில் கறந்த பால்

மாட்டின் கொம்புகளுக்குக் கட்சிக் கலரில் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் காயவில்லை. கயிற்றைப் பிடிக்கப் போன என் கையிலும், புத்தம் புது வெள்ளைச் சட்டையின் முழங்கையிலும் அது ஒட்டிக்கொண்டது. நான் கவனிக்காதவன் போலப் போட்டோவுக்குச் சிரித்தேன். அந்த நாட்களில், எதையும் கவனிக்காதவன் போலச் சிரிப்பதில் நான் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன்.

செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் மைதானம். தலைவரின் பிறந்தநாள். ஆறு ஏழைப் பெண்களுக்கு ஆறு கறவை மாடுகள் வழங்கும் மாபெரும் விழா. மாபெரும் என்று பேனரில் போட்டிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மாடுகளைக் கொடுத்தாயிற்று. ஆறாவது மாட்டை வாங்கிக்கொள்ள அஞ்சலையைக் கூப்பிட்டார்கள்.

சிங்கவரத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். மேடை ஏறி வந்தவள் கும்பிடவில்லை. நான் நீட்டிய கயிற்றையும் வாங்கவில்லை. மாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து மடியைப் பார்த்தாள்.

“கறந்து பாத்துட்டுதாங்க கயித்த வாங்குவேன்” என்றாள்.

மைக் அவள் பக்கம் திரும்பியிருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. பிரியாணிக்காகத் திரும்பியிருந்தவர்கள்கூட முன்பக்கம் பார்த்தார்கள்.

“இன்னாம்மா நீ, சும்மா குடுக்கறத வாங்கிகினு போவியா, ஆராய்ச்சி பண்ணினு இருக்கற” என்றார் கான்ட்ராக்டர் தணிகாசலம். ஆறு மாடுகளையும் வாங்கிக் கொடுத்த புண்ணியவான் அவர்தான். அவர் போட்ட சாலைகளில் பயணம் செய்தவர்கள் அந்தப் புண்ணியத்தை இடுப்பில் உணர்ந்திருப்பார்கள்.

“நீங்க சும்மாதான் குடுக்கறீங்க. எனக்கு சும்மா இல்லியே. நாலு ஆட்ட வித்து மாட்டுக்கு கொட்டா போட்டிருக்கேன். ஓட்டல்ல பாத்திரம் கழுவற வேலைக்கும் நாளைலேந்து வரமாட்டேன்னு சொல்லிட்டேன். இது பால் குடுக்கலன்னா நானும் எம் பொண்ணும் இன்னாத்த துன்றது?”

கூட்டத்திலிருந்து யாரோ ஒரு பொறுப்பற்ற மனிதன் கத்தினான்: “நம்ம அண்ணனே கறக்கட்டும்! அண்ணன் பால்காரர்தான!”

விசில் பறந்தது. யாரோ வாளியைக் கொண்டுவந்தே விட்டார்கள்.

போஸ்டரில் சிரித்தவன்

வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எம்.எல்.ஏ. ஆகிச் சட்டசபைக்கு நான் முதல் நாள் போன கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்த வாசகர் ஒருவர், “நீங்கள் உண்மையிலேயே பால் கறந்தவர்தானா, இல்லை தேர்தலுக்காகச் சொன்னதா?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்.

கறந்தேன். எங்களிடம் ஏழு மாடுகள் இருந்தன. ஐந்தை என் மனைவி காவேரி கறப்பாள், இரண்டை நான் கறப்பேன். அந்த இரண்டும் உதைக்காத மாடுகள். அதன் பிறகு கேன்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு செஞ்சியில் இருக்கிற டீக்கடைகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டு வருவது என் வேலை. டீக்கடைக்கு டீக்கடை அரசியல் பேசினேன். மாட்டோடு நின்றவள் காவேரி, மக்களோடு நின்றவன் நான். அதனால்தான் அவளுக்கு மாடு தெரிந்தது, எனக்கு சீட் கிடைத்தது.

தேர்தலுக்கு ஒரு போஸ்டர் அடித்தார்கள். நான் குந்தி உட்கார்ந்து பால் கறந்துகொண்டே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். பால் கறக்கிறவன் எவனும் சிரிக்க மாட்டான். அவனுடைய ஒரு கண் மாட்டின் பின்னங்காலில் இருக்கும், இன்னொரு கண் வாலில் இருக்கும். அந்தப் போஸ்டரைப் பார்த்த காவேரி, “மாடு மட்டும்தான் இதுல நெசமா நிக்குது” என்றாள். மக்கள் ஜெயிக்க வைத்தார்கள். மாட்டுக்காகத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சென்னைக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரே வேலை தட்டுவது. நம் பக்கத்து உறுப்பினர் எழுந்தால் மேசையைத் தட்ட வேண்டும், உட்கார்ந்தாலும் தட்ட வேண்டும். மாட்டின் முதுகைத் தட்டிக் கொடுத்தால் அது கொஞ்சம் பாலை இறக்கும். அந்த மேசையை ஐந்து வருஷம் தட்டியிருக்கிறேன், எங்கள் தொகுதிக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை.

சரி, வாளிக்கு வருகிறேன்.

கன்று சொன்னது

அந்த மாடு சரியில்லை என்று எனக்கு எப்போதோ தெரியும்.

மேடைக்கு ஏற்றும்போதே பார்த்துவிட்டேன். கூடவே ஒரு இளங்கன்றையும் இழுத்து வந்தார்கள். கன்று ஆசையாக மடியை முட்டப் போனது. மாடு அதை முகர்ந்து பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது, கொம்பால் நெட்டித் தள்ளியது. பெற்ற கன்றை மாடு அப்படித் தள்ளாது, நக்கும். கன்று வேறு வீட்டுக் கன்று. கன்று போட்டு வெகுநாளாகிப் பால் வற்றிக்கொண்டிருக்கும் மாட்டை, நேற்றுத்தான் ஈன்றது போலக் காட்டுவதற்காகப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மடி மட்டும் ஏன் புடைத்திருக்கிறது? அதுவும் பழைய வித்தை. முந்தின நாள் காலையிலிருந்து கறக்காமல் விட்டால், வற்றின மாட்டின் மடியும் புடைத்துக்கொள்ளும். முதல் கறவைக்கு வாளி பாதி ரொம்பும். அடுத்த வேளை சொம்பு, அதற்கடுத்த வேளை டம்ளர். அதனால்தான் எங்கள் பக்கத்தில் கறவை மாடு வாங்கப் போகிறவர்கள், விற்கிறவன் வீட்டிலேயே டேரா போட்டு மூன்று வேளை கறந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டை ஓட்டி வருவார்கள். முதல் வேளை பொய் சொல்லும். மூன்றாவது வேளையால் அது முடியாது.

இந்த வித்தை எனக்கு எப்படி இவ்வளவு விவரமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பாவிக்கு இதே வித்தையைக் காட்டி நானே ஒரு மாட்டை விற்றிருக்கிறேன். போதுமா?

இதில் இன்னொரு வெட்கக்கேடு உண்டு. தணிகாசலம் முதலில் வாங்கியது ஐந்து மாடுகள்தான். ஒரு வாரம் முன்னால் ஒரு கூட்டத்தில் எனக்குக் கைதட்டல் கொஞ்சம் குறைவாக விழுந்தது. ‘ஐந்து பெண்களுக்கு’ என்று சொல்ல வேண்டியதை ‘ஆறு’ என்று சொல்லிவிட்டேன். கைதட்டல் கூடியது. அந்த ஆறாவது மாடு என் வாயில் பிறந்தது. அதற்கு ஒரு உடம்பு வேண்டும் என்று அவசரத்தில் எங்கிருந்தோ இதைப் பிடித்து வந்திருக்கிறார்கள்.

ஆக, கறக்க மாட்டேன் என்றால் பால்காரன் வேஷம் கலையும். கறந்தால், வாளி ரொம்பி ஒரு பொய் நிஜமாகிவிடும். உண்மையைச் சொன்னால் தணிகாசலத்துக்குக் கோபம் வரும். அடுத்த தேர்தலுக்குச் செலவு செய்யப்போகிறவர் அவர்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினேன்.

கை மறந்துவிடவில்லை. சர்சர்ரென்று வாளியில் நுரை ஏறியது. மைதானமே கைதட்டியது. மாடு ஒரே ஒரு உதை விட்டது. அது என் முட்டியில் பட்டது. உண்மையைச் சொல்லத் துணிந்த ஆள் மேடையில் அது மட்டும்தான்.

அரை வாளிப் பாலைத் தூக்கிக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கைப் பிடித்து, “வேளைக்கு நாலு லிட்டர் குடுக்கும் அஞ்சலை! நான் சொல்லல, என் கை சொல்லுது!” என்றேன்.

அஞ்சலை என் கையைப் பார்த்தாள். “மூணு வேளை பாக்கணும்னு எங்க நைனா சொல்லுவாரு” என்றாள். “ஆனா உங்க கை சொன்னா போதும்ணா.”

கயிற்றை வாங்கிக்கொண்டு போனாள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கேட்டில் கட்டிய மாடு

மறுநாள் காலை, பல் விளக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறேன். என் பெயரும் ச.ம.உ. என்கிற எழுத்துகளும் பொறித்த பலகை தொங்கும் கேட்டில் அந்த மாடும் கன்றும் கட்டியிருக்கின்றன. பக்கத்தில் அஞ்சலை. கையில் ஒரு சொம்பு. விடிவதற்கு முன்பே சிங்கவரத்திலிருந்து ஓட்டிக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள்.

“நேத்து சாயங்காலம் ஒரு சொம்பு. இன்னிக்குக் காலைல இவ்ளோதான்” என்று காட்டினாள். சொம்பின் அடி தெரிந்தது. “உங்க கை இப்ப இன்னாணா சொல்லுது?”

பிரஷ் வாயில் இருந்ததால் யோசிக்க நேரம் கிடைத்தது.

“இடம் மாறுச்சில்ல, அதான்” என்றேன். “மாடு பயந்திருக்கும். நாலு நாள் போவட்டும், தானா எறங்கும்.”

நம்பிவிட்டாள். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, “அப்டியா, நாந்தான் அவசரப்பட்டுட்டேன்” என்று கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“ஏம்மா, நில்லு.”

பின்பக்கத்திலிருந்து சாணிக் கையோடு காவேரி வந்தாள். மாட்டை ஒரு பார்வை பார்த்தாள். கன்றைப் பிடித்து மடியருகே விட்டாள். மாடு உதைத்துத் தள்ளியது.

“இது அதோட கன்னு இல்ல. மாடு கன்னு போட்டு ஒரு வருசம் ஆயிருக்கும். வேளை தப்பவுட்டு மடிய ரொப்பி ஓட்டியாந்திருக்கானுங்க.”

“ஐயோ, அண்ணன் கை சொல்லுதுன்னாரேக்கா?”

“அவரு கை சரியாத்தான் சொல்லியிருக்கும். வாய்தான் மாத்திச் சொல்லியிருக்குது.”

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

மனு கொடுக்க வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பினார்கள்.

“தெரியும்” என்றேன். என் அரசியல் வாழ்வின் மிகச் சிறிய உரை அதுதான்.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்; திட்டு வாங்கிய அனுபவம் நிறைய உண்டு. அவள் அப்படியே கேட்டோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நாலு ஆடு” என்றாள்.

தணிகாசலத்துக்குப் போன் போட்டேன். “வேற மாடு ஒண்ணு குடுத்துடுங்க” என்று கெஞ்சினேன்.

“இன்னாண்ணே நீங்க! போட்டோ எடுத்தாச்சு, பேப்பர்ல வந்தாச்சு. இதுக்கு மேல அந்த மாடு இன்னா பண்ணா நமக்கு இன்னா?” என்று வைத்துவிட்டார்.

அவரை அயோக்கியர் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ‘நாலு லிட்டர்’ என்று சொன்னவன் நான்தானே.

வாடகைக் கன்றும் சொந்தக் கன்றும்

ஏழு மாடுகளில் ஆறை, எம்.எல்.ஏ. வீட்டில் சாணி நாறக் கூடாது என்று நான் விற்றுவிட்டேன். ஒன்றை மட்டும் காவேரி விடவில்லை. எனக்கு விழுந்த பொன்னாடைகளையெல்லாம் மழைக்காலத்தில் அதற்குத்தான் போர்த்துவாள். அது கன்று போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. அதன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து அஞ்சலை முன்னால் நிறுத்தினாள்.

“இத ஓட்டினு போ.”

“காவேரி, நமக்குப் பால்?” என்றேன். சத்தியமாக அப்போது எனக்கு அதுதான் தோன்றியது.

“கடையில பாக்கெட்டு தொங்குது. வாங்கிக் குடிங்க.”

அஞ்சலை எழுந்திருக்கவில்லை. “இத மட்டும் எப்டிக்கா நம்பறது?”

நான் பதறிப்போனேன். காவேரிக்கோ முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து அவள் அப்படி மலர்ந்ததில்லை.

“நம்பாத. இங்கியே இரு. மூணு வேளை நீயே கறந்து பாரு. அப்பறம் ஓட்டினு போ.”

அஞ்சலை மகளை அக்காள் வீட்டுக்குப் போகச் சொல்லிப் போன் பண்ணிவிட்டு, என் வீட்டில் டேரா போட்டாள். சாயங்காலம் ஒரு வேளை, மறுநாள் காலை ஒரு வேளை, மறுநாள் சாயங்காலம் ஒரு வேளை. கறக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் மனுதாரர்களோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒன்றரை நாள் நான் பட்ட பாட்டை எதிர்க்கட்சிக்காரன்கூடப் படக்கூடாது.

வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? “நீ இன்னாம்மா, பட்டாவா, பென்ஷனா?” என்று கேட்பார்கள். அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மேடை, வாளி, நுரை, ‘என் கை சொல்லுது’, சொம்பு. ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே சிபாரிசுக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டேன்.

பையனுக்கு வேலை கேட்டு வந்த ஒரு பெரியவர், என் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வேலை செய்யுங்களா? இல்ல, நானும் மூணு வேளை இங்கியே குந்தியிருந்து பாக்கணுமா?”

நாற்காலிகள் ஆடும்படி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

நடுவில் ஒரு ஆள் ஆட்டோவில் வந்து, மேடைக்கு வந்த கன்றை மட்டும் கேட்டு ஏற்றிக்கொண்டு போனான். அது ஒரு நாள் வாடகைக்கு வந்ததாம். தாய் அங்கே கத்திக்கொண்டிருக்கிறதாம். வற்றின மாட்டைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. அது எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மூன்றாவது வேளையும் கறந்து முடித்தாள் அஞ்சலை. மூன்று வேளையும் வாளியில் ஒரே அளவு. காவேரியைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கயிற்றைப் பிடித்து இழுத்தால் மாடு நகரமாட்டேன் என்கிறது. கன்று முன்னால் போனால்தான் வரும். கன்றோ நாலடி நடப்பதும் படுப்பதுமாக இருந்தது.

“இன்னா பாத்துகினு நிக்கறீங்க?” என்றாள் காவேரி என்னிடம். “தூக்குங்க.”

அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களெல்லாம் படியில் ஆள் தொங்க, செஞ்சிக் கடைத்தெருவில் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு எம்.எல்.ஏ. நடக்கிறேன். பின்னால் மாடு, ‘ம்மா’ என்று கத்திக்கொண்டே என் முதுகை முட்டிக்கொண்டு வருகிறது. அதற்குப் பின்னால் அஞ்சலை. பஸ் ஜன்னல்களிலிருந்து செல்போன்கள் நீண்டன. மளிகைக் கடை வாசலில் ஒருவர் கைதட்டினார்.

“அண்ணன் இப்பவே எலெக்‌ஷனுக்கு ஆரம்பிச்சிட்டாரு டோய்!”

“எலெக்‌ஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள் அஞ்சலை சத்தமாக. “மேடையில பொய் சொன்னாரு. அதுக்குத் தூக்கினு வராரு.”

கைதட்டல் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். இன்னும் பலமாக விழுந்தது. என் பேச்சுகள் எதற்கும் அவ்வளவு விழுந்ததில்லை. சிங்கவரத்து வயல்கள் தெரிகிற இடத்தில் கன்று என் சட்டைக்குள் வெதுவெதுப்பாக மூத்திரம் போனது. இறக்கி வைக்கலாமா என்று திரும்பிப் பார்த்தேன். “நடங்க” என்றாள்.

இரண்டு பாத்திரங்கள்

அடுத்த தேர்தலில் எனக்கு சீட் கிடைக்கவில்லை. தணிகாசலத்துக்குக் கிடைத்தது. அவருடைய போஸ்டரிலும் ஒரு மாடு நின்றது.

அஞ்சலையிடம் இப்போது மூன்று மாடுகள் இருக்கின்றன. ஸ்கூட்டியில் கேன் கட்டிக்கொண்டு செஞ்சியில் வீடு வீடாக ஊற்றுகிறாள். காவேரி பாக்கெட் பாலை நாலு நாளில் வெறுத்துவிட்டதால், எங்கள் வீட்டுக்கும் அவள்தான் ஊற்றுகிறாள். மகள் நர்சிங் முடித்துவிட்டாள் என்பதைக்கூடக் காவேரியிடம்தான் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

போன வாரம் ஒரு நாள் காவேரி குளித்துக்கொண்டிருந்தாள், பால் வாங்க நான் போனேன். அஞ்சலை தனியாக வைத்திருந்த ஒரு சின்னக் கேனிலிருந்து என் பாத்திரத்தில் ஊற்றினாள். பழைய பழக்கம் போகாதே. ஒரு விரலை முக்கி எடுத்துப் பார்த்தேன். நகத்தில் நிற்காமல் ஓடியது.

“இன்னா அஞ்சலை, தண்ணி கலந்திருக்கே?”

“ஆமா, கலந்திருக்கேன்.”

“எல்லாருக்குமா?”

“ச்சே ச்சே! அந்தப் பொழப்பு எனக்கு எதுக்குணா?” என்றவள், ஸ்கூட்டியின் முன்பக்கத்திலிருந்து மூடி போட்ட சொம்பு ஒன்றை எடுத்து என் இன்னொரு கையில் கொடுத்தாள். “இது அக்காவுக்கு. அது உங்களுக்கு. மாத்திக் குடிச்சிடாதீங்க.”